லாபம் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது?

2002 ஏப்ரலில் பிரிட்டன் அரசு சிறு கம்பெனிகளுக்கு ஒரு சலுகை கொண்டுவந்தது. ஆண்டு லாபம் 10,000 பவுண்டுக்குள் இருந்தால் கம்பெனி வரி பூஜ்யம். அதற்கு முன்பு அது 10 சதவீதமாக இருந்தது. சிறுதொழில் செய்பவர்கள் லாபத்தைத் தொழிலிலேயே திரும்பப் போட்டு வளரட்டும் என்பதுதான் நோக்கம்.

நடந்தது வேறு. அதுவரை தன் பெயரிலேயே தொழில் செய்துவந்தவர்கள் வரிசையாகக் கம்பெனி பதிவு செய்தார்கள். வேலை அதேதான், வாடிக்கையாளர்களும் அதே ஆட்கள்தான். பில்லில் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்ற சொல் மட்டும் சேர்ந்தது. லாபத்தைச் சம்பளமாக எடுக்காமல் டிவிடெண்டாக, அதாவது கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபமாக, எடுத்துக்கொண்டார்கள். கீழ் அடுக்கில் வரி கட்டுபவருக்கு டிவிடெண்டின் மேல் அன்று கூடுதல் வரி கிடையாது, தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் கிடையாது. அரசு இரண்டே ஆண்டில் விழித்துக்கொண்டது. 2004 ஏப்ரலிலிருந்து, தனிநபர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபத்துக்குக் குறைந்தது 19 சதவீதம் என்றது. 2006 ஏப்ரலில் பூஜ்ய வரியையே எடுத்துவிட்டது. வரியை மட்டும் பார்த்துக் கம்பெனி தொடங்கியவர்களுக்கு, ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டிய கம்பெனிக் கணக்கும் அதற்கு ஆகும் செலவும்தான் மிஞ்சின.

தொழில் தொடங்குகிறவர் கணக்கரிடம் முதலில் கேட்பது 'எதுல வரி கம்மி?' என்றுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு இன்றைக்கு ஒரு பதில் இருக்கும், அடுத்த பட்ஜெட்டில் வேறு பதில் வரும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். வருகிற லாபத்தில் எவ்வளவு வீட்டுக்குப் போகப் போகிறது, எவ்வளவு தொழிலுக்குள்ளேயே தங்கப் போகிறது? இதற்கு விடை தெரிந்தால் வரி அமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு வாசலா, இரண்டு வாசலா

தன் பெயரில் தொழில் செய்பவரை வரிச் சட்டம் இரண்டு ஆளாகப் பார்ப்பதில்லை. தொழிலின் லாபம் அவருடைய வருமானம். மற்ற வருமானங்களோடு கூட்டி, அவருக்குரிய அடுக்கில் ஒரே ஒரு முறை வரி. பல நாடுகளில் கூட்டாண்மைக்கும் இதே முறைதான். லாபத்தைப் பங்காளிகள் கணக்கில் பிரித்து எழுதி, அவரவர் வருமானத்தில் அவரவர் வரி கட்டுவார்கள்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. லாபத்துக்குத்தான் வரி, கையில் எடுத்த பணத்துக்கு அல்ல. ஆண்டுக் கடைசியில் லாபம் நன்றாகவே இருக்கும். ஆனால் அது சரக்காக அடுக்கில் நிற்கும், வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியாக ஏட்டில் நிற்கும், போன மாதம் வாங்கிய இயந்திரத்தில் பாதி முடங்கியிருக்கும். 'நான் பணம் எடுக்கவே இல்லையே, எனக்கு எதற்கு வரி?' என்று கேட்டால், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வரி உண்டு என்பதே பதில். வேகமாக வளரும் தொழிலுக்கு இது உண்மையிலேயே பெரிய பாரம்.

கம்பெனி என்பது வேறு ஆள். இதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்டியது, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1896இல் தந்த தீர்ப்பு. லண்டன் வைட்சேப்பலில் தோல் பூட்ஸ் செய்துவந்த ஆரோன் சாலமன் 1892இல் தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். பங்குதாரர்கள் அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும். மொத்தம் இருந்த 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. கம்பெனி நொடித்துப்போனது. பெயருக்குத்தான் கம்பெனி, உண்மையில் எல்லாம் சாலமன்தான், அதனால் கடனும் அவருடையது என்று கடன் கொடுத்தவர்கள் தரப்பில் வாதாடினார்கள். கம்பெனி வேறு, சாலமன் வேறு என்றது சபை.

இந்தத் தீர்ப்பைக் கடன் பொறுப்பிலிருந்து காக்கும் கவசமாகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வரிக் கணக்கில் அதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. கம்பெனி வேறு ஆள் என்றால் அதற்கென்று தனி வரி. வரி போக அதனிடம் இருக்கும் பணமும் உங்களுடையதல்ல, அதனுடையது. அது உங்கள் கைக்கு டிவிடெண்டாக வரும்போது உங்களுக்குப் புதிதாக ஒரு வருமானம் வந்ததாகக் கணக்கு. அதற்கு இரண்டாவது வரி. தனியாளின் லாபம் ஒரு வாசலைத் தாண்டி வீட்டுக்கு வருகிறது. கம்பெனியின் லாபம் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும்.

சரி, எண்களில் பார்ப்போம். லாபம் 100 என்று வைத்துக்கொள்வோம். தனியாளாக இருந்தால் அவர் கட்டும் வரி மொத்தத்தில் 30. கம்பெனி வரி 25 சதவீதம், டிவிடெண்டுக்கு 20 சதவீதம். இவை விளக்கத்துக்காக எடுத்த விகிதங்கள்.

தனியாளுக்குக் கையில் நிற்பது 70. கம்பெனியில் 25 வரி போக 75 மிஞ்சும். அதை அப்படியே டிவிடெண்டாக எடுத்தால் இன்னும் 15 போகும், கையில் 60. ஆகக் கம்பெனி 10 நட்டம். ஒன்றுமே எடுக்காமல் 75ஐயும் தொழிலிலேயே விட்டால் கம்பெனி 5 லாபம். இரண்டுக்கும் நடுவில் எங்கே சமமாகிறது? 25 எடுக்கும்போது. அதற்கு டிவிடெண்ட் வரி 5, கம்பெனி வரி 25, மொத்தம் 30. அதாவது வரி போக மிஞ்சிய 75இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆண்டுதோறும் வீட்டுக்கு எடுப்பவருக்கு, இந்த விகிதங்களில், கம்பெனி வரி 25தான் என்பதால் ஒரு நன்மையும் இல்லை. 30ஐவிட 25 குறைவுதானே என்று பார்த்தவர் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

உங்கள் நாட்டு விகிதங்களைப் போட்டு இதே கணக்கை நீங்களே போடலாம். ஒரு தாளில் ஐந்து நிமிட வேலை. விடை நாட்டுக்கு நாடு தலைகீழாகக்கூட மாறும், ஏனென்றால் இந்த இரண்டு வாசல்களையும் ஒவ்வொரு அரசும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் கம்பெனி 17 சதவீதம் கட்டிவிட்டால் டிவிடெண்ட் வாங்குபவருக்கு வரி கிடையாது, இரண்டாம் வாசலே இல்லை. எஸ்தோனியா 2000ஆம் ஆண்டிலிருந்து முதல் வாசலை எடுத்துவிட்டது. லாபம் கம்பெனிக்குள் இருக்கும்வரை வரி இல்லை, வெளியே எடுக்கும்போதுதான் வரி. ஆஸ்திரேலியா 1987இல் வேறு வழி கண்டது. கம்பெனி கட்டிய வரியைப் பங்குதாரர் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

இந்தியா 2020 ஏப்ரலில், கம்பெனியே கட்டிவந்த டிவிடெண்ட் விநியோக வரியை நீக்கிவிட்டு, டிவிடெண்டை வாங்குபவரின் அடுக்கிலேயே வரிக்கு உட்படுத்தியது. அதனால் உள்நாட்டுக் கம்பெனிக்கான 22 சதவீத விகிதம், மேல்வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.17 ஆகி, மிஞ்சியதை 30 சதவீத அடுக்கில் இருப்பவர் முழுவதும் டிவிடெண்டாக எடுத்தால், 100 ரூபாய் லாபத்தில் ஏறத்தாழ 48.50 ரூபாய் வரிக்கே போய்விடுகிறது. வெறும் 22 என்ற எண்ணைப் பார்த்துத் தொழிலைக் கம்பெனியாக்க நினைப்பவர் இந்த 48.50ஐ ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

சம்பளம் என்ற பக்கவாட்டு வழி

மேலே போட்ட கணக்கில் வேண்டுமென்றே ஒன்றை விட்டுவைத்தேன். முதலாளியே தன் கம்பெனியில் சம்பளம் வாங்கலாம். சம்பளம் கம்பெனிக்குச் செலவு. அதனால் அந்தத் தொகைக்குக் கம்பெனி வரி இல்லை, வாங்குபவருக்கு மட்டும் வரி. முதல் வாசலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி இது.

அதே 100இல் 60ஐச் சம்பளமாக எடுத்துக்கொள்வதாக வைப்போம். வருமானம் குறைவு என்பதால் அடுக்கும் குறைவு. 20 சதவீதம் என்றால் 12 வரி. மீதி 40க்குக் கம்பெனி வரி 10. கம்பெனிக்குள் 30 தங்குகிறது, மொத்த வரி 22. அந்த 30ஐயும் டிவிடெண்டாக எடுத்தாலும் இன்னும் 6தான், மொத்தம் 28. தனியாளாகக் கட்டியிருக்க வேண்டிய 30ஐவிடக் குறைவு! கம்பெனி அமைப்பில் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இந்தக் கலவையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சம்பளத்தின் மேல் ஓய்வூதியச் சந்தா, காப்பீட்டுச் சந்தா என்று கட்ட வேண்டிய நாடுகளில் இந்த மிச்சத்தை அவை விழுங்கிவிடலாம். அதையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.

சம்பளத்தை எவ்வளவு வைப்பது என்பதில் வரித்துறைக்கும் ஒரு கண் இருக்கிறது. அமெரிக்காவில் 'எஸ் கார்ப்பரேஷன்' என்று ஒரு வகை உண்டு. 1958இல் வந்தது. கம்பெனி வரி கிடையாது, லாபம் நேராகப் பங்குதாரரின் வருமானமாகும், ஆனால் முதலாளி தனக்கென்று சம்பளமும் எடுக்க வேண்டும். சம்பளத்துக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு இரண்டுக்குமாக 15.3 சதவீதம் கட்ட வேண்டும். லாபப் பங்குக்கு அது இல்லை. அப்படியானால் என்ன தோன்றும்? சம்பளத்தைக் குறை, லாபப் பங்கைக் கூட்டு.

அயோவா மாநிலத்துக் கணக்காளர் ஒருவர் அப்படித்தான் செய்தார். ஆண்டுச் சம்பளம் 24,000 டாலர் என்று வைத்துக்கொண்டு, லாபப் பங்காக அதைப்போல் பல மடங்கு எடுத்தார். வரித்துறை கூடுதல் வரி கேட்டது, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அவருடைய படிப்பு, அனுபவம், வேலை நேரம், அதே துறையில் மற்றவர்கள் வாங்கும் சம்பளம் எல்லாவற்றையும் பார்த்த நீதிமன்றம், நியாயமான சம்பளம் 91,044 டாலர் என்று முடிவு செய்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கணக்கையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இப்படி நடந்தது என்பதால் இந்த வழக்கைத் தொழில் செய்பவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த வேலையை வெளியாள் ஒருவரை வைத்துச் செய்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ அதற்குப் பக்கத்தில் உங்கள் சம்பளம் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதே விஷயம் அன்றாட நடைமுறையில் இன்னும் எளிமையான உருவத்தில் வரும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். தொழில் கணக்கில் பணம் இருக்கிறது. தனியாள் அதை எடுத்துக் கட்டிவிட்டு, ஏட்டில் 'சொந்தச் செலவு' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. கம்பெனி முதலாளி அப்படி எடுக்க முடியாது. அது சம்பளமா, டிவிடெண்டா, கடனா? மூன்றில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். கடன் என்று எழுதினால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இந்தியாவில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பங்கு வைத்திருப்பவருக்குத் தனியார் கம்பெனி கொடுக்கும் கடனை, சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு டிவிடெண்டாகவே எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கடன் திரும்பாவிட்டால் கம்பெனி அதற்கென்று தனி வரி கட்ட வேண்டும். தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே பையில் வைத்துப் பழகியவருக்குக் கம்பெனி அமைப்பு முதல் ஆண்டிலேயே தலைவலி கொடுக்கும். பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியாது என்று தெரிந்தால் தன் பெயரிலேயே தொழில் செய்வது நேர்மையான தேர்வு, அதில் ஒரு குறையும் இல்லை.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கடன் பொறுப்பும் வரியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்பதை மாற்றியமைத்தது அமெரிக்காவின் வயோமிங் மாநிலம். 1977இல் அது 'எல்எல்சி' என்ற புதிய அமைப்புக்குச் சட்டம் செய்தது. கடன் பொறுப்பில் கம்பெனி போல, வரியில் கூட்டாண்மை போல. பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் வரித்துறை அதை எப்படி நடத்தும் என்று தெரியவில்லை. 1988இல் வரித்துறை அதைக் கூட்டாண்மையாகவே ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் மற்ற மாநிலங்களும் வரிசையில் வந்தன. 1997இல் இன்னும் ஒரு படி போய், தகுதியுள்ள அமைப்புகள் தங்களுக்கு எந்த வரி முறை வேண்டும் என்று ஒரு படிவத்தில் கட்டம் குறித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றாகிவிட்டது. சட்டத்தின் கண்ணில் ஓர் உருவம், வரியின் கண்ணில் வேறு உருவம்.

வெளிநாட்டு ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். எல்எல்பி, அதாவது பங்காளிகளின் கடன் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை, என்ற ஒரே பெயர் பிரிட்டனிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. பிரிட்டனில் தொழில் செய்யும் எல்எல்பிக்கு வரி இல்லை, பங்காளிகள்தான் கட்டுகிறார்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்திய எல்எல்பி 30 சதவீதம் தானே கட்டுகிறது. அதன் பிறகு பங்காளிக்கு வரும் லாபப் பங்குக்கு வரி இல்லை. பங்காளிக்குச் சம்பளம் கொடுக்கலாம், அதுவும் சட்டம் சொல்லும் உச்சவரம்பு வரை. ஒரே பெயர், வாசல் இருக்கும் இடம் மட்டும் வேறு.

கடன் பொறுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. சிறு கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் இயக்குநரிடம் தனிப்பட்ட உத்தரவாதத்தில் கையெழுத்து வாங்கிவிடும். அந்தக் கடனைப் பொறுத்தவரை சாலமன் வழக்கின் கவசம் கழன்றுவிடுகிறது. சரக்கு கொடுத்தவருக்கான பாக்கி, வேலையில் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு போன்றவற்றுக்குத்தான் அது உதவும். கட்டட வேலை, போக்குவரத்து, உணவு தயாரிப்பு செய்பவருக்கு அதுவே பெரிய காரணம். மடிக்கணினியோடு தனியாக உட்கார்ந்து மொழிபெயர்ப்பவருக்கு அவ்வளவு அவசரமில்லை.

நட்டம் வந்தால்

லாபத்தை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பல தொழில்களில் நட்டம்தான் வரும். தனியாளின் நட்டம் அவருடைய நட்டம். பல நாடுகளில் மற்ற வருமானத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் எந்த வருமானத்தில் என்று நிபந்தனை இருக்கும். இந்தியாவில் தொழில் நட்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது, வட்டியிலும் வாடகையிலும் கழிக்கலாம். கம்பெனியின் நட்டம் கம்பெனிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பின்னால் லாபம் வரும்போது அதில் கழியும், லாபம் வராமல் மூடிவிட்டால் அந்த நட்டத்தால் உங்களுக்கு வரிப் பயன் பெரும்பாலும் இல்லை. நடுவில் பங்குகளில் பெரும்பகுதி கைமாறினால் சேர்ந்திருந்த நட்டத்தைப் பயன்படுத்தும் உரிமையே போய்விடும் நாடுகளும் உண்டு. தொடக்கத்தில் நட்டம் நிச்சயம் என்று தெரிந்தால், முதலில் தன் பெயரில் தொடங்கி, லாபம் நிலைபெற்றதும் கம்பெனியாக்குவது பல நாடுகளில் நல்ல வரிசை.

மிகச் சிறிய தொழிலுக்கு இந்த எல்லாக் கணக்கையும் தாண்டி வேறொரு சலுகை இருக்கலாம். விற்றுவரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று அரசே ஊகித்துக்கொண்டு வரி வாங்கும் முறை. இந்தியாவில் இது தனியாளுக்கும் சாதாரணக் கூட்டாண்மைக்கும் உண்டு, எல்எல்பிக்கும் கம்பெனிக்கும் கிடையாது. கம்பெனி என்றால் விற்றுவரவு எவ்வளவு சிறியதானாலும் ஆண்டுதோறும் தணிக்கை வேறு.

உள்ளே போவது எளிது

தேர்ந்தெடுக்கும்போது யாரும் அதிகம் யோசிக்காதது, வெளியே வரும் வழி. தனியாளின் தொழிலைக் கம்பெனியாக்கப் பல நாடுகளில் வரியில்லாமல் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் என்றால், சொத்தும் கடனும் மொத்தமாக மாற வேண்டும், பழைய முதலாளி ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்தது பாதி வாக்குரிமையை வைத்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள். திரும்பி வரும் வழி அப்படி இல்லை. குறிப்பாக நிலமும் கட்டடமும். பட்டறை நிற்கும் இடத்தைக் கம்பெனி பெயரில் வாங்கி, இருபது ஆண்டு கழித்து விலை பல மடங்கு ஏறிய பிறகு உங்கள் பெயருக்கு மாற்ற நினைத்தால், கம்பெனி அதைச் சந்தை விலைக்கு விற்றது போல ஒரு வரி, அந்த மதிப்பு உங்களுக்கு வந்து சேர்ந்ததற்கு இன்னொரு வரி என்று இரண்டு வாசலும் ஒரே நாளில் எதிரே நிற்கலாம். இடத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வாடகைக்கு விடுவது பலருக்குப் பொருந்தும். பத்திரப்பதிவுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கணக்கரைப் பார்க்கப் போகும்போது மூன்று எண்களை எழுதி எடுத்துப் போங்கள். வீட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும், அடுத்த மூன்று ஆண்டுக்கு லாபமோ நட்டமோ தோராயமாக எவ்வளவு, குடும்பத்துக்கு வேறு வருமானம் எவ்வளவு. அப்புறம் மறக்காமல் இரண்டு கேள்விகள். இந்தத் தேர்வுக்குக் கடைசி நாள் எது? பின்னால் மாற்றிக்கொள்ள முடியுமா? அமெரிக்காவில் எஸ் கார்ப்பரேஷன் முறை வேண்டுமென்றால் வரி ஆண்டு தொடங்கி இரண்டு மாதம் பதினைந்து நாளுக்குள் கேட்க வேண்டும். காலம் தவறினால் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுதான். இந்தியாவில் ஒரு கம்பெனி 22 சதவீத விகிதத்தை ஒருமுறை எடுத்துக்கொண்டால், பழைய விகிதத்துக்குத் தானாகத் திரும்பிப் போக முடியாது.